காலனியில் திரும்பிய பஸ்

தம்பி, நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைப் பார்த்தேன், கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அப்பா கல்யாண மண்டபத்துக்காரரோடு தினமும் வாழைமரத்துக்கும் சீரியல் விளக்குக்கும் சண்டை போட்டுக்கொண்டு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். போனிலேயே பேசலாமே, எதற்கு இப்படி உட்கார்ந்து எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே முடித்து வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. உன் கல்யாணத்துக்கு விமானம் ஏறுவதற்குள் இதைப் படித்துவிடு. படிக்காமல் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு நீ இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, அமெரிக்காவில் உன்னோடு வேலை செய்கிற உன் கறுப்பின நண்பன் மார்கஸ் உன்னை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போன கதை. அங்கே கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடிய காலத்து பஸ் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம் என்றாய். நீயும் முன்சீட்டில் உட்கார்ந்தாயாம். பின்னாலேயே ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஏறி வந்தார்களாம். நீ யோசிக்காமல் எழுந்து நின்றுவிட்டாயாம். பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி சீட்டு இருக்கும்போது நீ ஏன் எழுந்தாய் என்று மார்கஸ் கேட்டானாம். "வயசானவங்கன்னு எழுந்தேன்னு சொன்னேம்மா, ஆனா அதுக்காகத்தான் எழுந்தேனான்னு எனக்கே தெரில" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். இரண்டாவது விஷயம், கல்யாணச் சாப்பாடு. "ஊர்க்காரங்கல்லாம் வருவாங்கம்மா, முதல் பந்தி அவங்களுக்கு விட்டுடலாம், நம்ம ஜனங்க அப்பறமா உக்காந்துக்கட்டும், எதுக்கு வம்பு" என்றாய். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அடுத்தடுத்து அவற்றைச் சொன்னாய், இரண்டும் ஒரே விஷயம் என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இரவு தூக்கமும் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து மார்கஸிடம் கேட்டும் புத்தகத்தில் படித்தும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குக் கதை சொல்கிறாய். அந்தக் கதைகளுக்காகவே நான் துணி துவைப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன், தெரியுமா? வெள்ளைக்காரர்களுக்கு எழுந்து இடம் தரச் சொன்னதால் கறுப்பின மக்கள் பஸ்ஸே ஏறாமல் ஒரு வருஷம் நடந்தார்களே, எல்லோருக்கும் தெரிந்த அந்த பஸ் போராட்டத்துக்குப் பல காலம் முன்பே, குதிரை இழுத்த டிராம் வண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்று அவர்கள் பெண்கள் மல்லுக்கு நின்றார்கள் என்று சொன்னாய். பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா, ரயிலில் பெண்கள் பெட்டிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவளை எழுந்து போகச் சொல்லி கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தபோது, அவன் கையைக் கடித்துவிட்டாள் என்று சொன்னாய். கோர்ட்டில் ஜெயித்து, மேல்கோர்ட்டில் தோற்று, அப்புறம் ஆயுசு முழுக்கப் பத்திரிகையில் எழுதித் தீர்த்தாளாமே. அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் நான் அதைத் தண்ணீர்க்குழாய் அடியில் சொன்னேன். நம் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்கள். "கடிச்சது தப்பே இல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் நீ என்னிடம், "நம்மூர்ல இந்த மாதிரி எதுனா நடந்துச்சாமா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. நடந்தது. உனக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். அதன் கடைசிப் பகுதி அப்படி. எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே, பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். இப்போது பேச்சை மீறுகிறேன்.

நீ பிறந்ததிலிருந்து முசரவாக்கம் வழியாக வரும் நம் டவுன் பஸ் காலனிக் குட்டைக்கரையில்தான் திரும்புகிறது. நமக்குத்தான் முதல் நிறுத்தம். பள்ளிக்கூடம் போக நீ ஏறும்போது பஸ் முழுக்கக் காலி, நீ ஓடிப்போய் ஜன்னல் சீட்டைப் பிடிப்பாய். உலகமே நம் நிறுத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று நினைத்து வளர்ந்த பிள்ளை நீ. எனக்குக் கல்யாணமாகி நான் இங்கே வந்த காலத்தில் அப்படி இல்லை. பஸ் ஊருக்குள் அம்மன் கோயில் வரைக்கும் வந்து அங்கேயே திரும்பிவிடும். காலனி அதற்கப்பால் ஏரிக்கரை தாண்டி. நாங்கள் நடந்து கோயிலடிக்குப் போக வேண்டும். ஊர்ப் பெண்கள் முதலில் ஏறி உட்காருவார்கள், நாங்கள் கடைசியில் ஏறி நிற்போம். சீட்டு காலியாக இருந்தாலும் நிற்போம். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. உங்கள் அமெரிக்காவில் போர்டு மாட்டியிருந்தார்கள் என்று சொன்னாயே, அது ஒரு விதத்தில் தேவலை. போர்டைக் காட்டி இது என்ன என்று கேட்கலாம். இங்கே எதைக் காட்டிக் கேட்பது?

எங்களில் பூஷணம் என்று ஒருத்தி. நாங்கள் எல்லோரும் காஞ்சிபுரத்துக்கு நெசவு வீடுகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம், அவள்தான் எங்களில் மூத்தவள், முழங்கால் வலிக்காரி. ஒருநாள் பஸ் பாதி காலி. கால் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். முன்சீட்டிலிருந்து ஊர்ப் பெரியவர் ஒருவர் திரும்பி, "இன்னா பூஷணம், காலு வலிக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதட்டவில்லை, திட்டவில்லை, குரல் மெதுவாகத்தான் இருந்தது. பூஷணம் எழுந்து நின்று, காஞ்சிபுரம் வரைக்கும் நின்றபடியே வந்தாள். மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது, "நீங்க பஸ்ல வாங்கடி. நான் நடக்கறேன்" என்றாள். முழங்கால் வலிக்காரி நடக்கும்போது நாங்கள் எப்படி பஸ் ஏறுவது? அவளோடு நாங்களும் நடந்தோம். ஏரிக்கரை, வயல் வரப்பு, பிறகு மெயின் ரோடு. பஸ் எங்களைத் தாண்டிப் போகும், நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம்.

நடக்க நடக்கத்தான் என்ன வேண்டும் என்பதே எங்களுக்குப் புரிந்தது. ஊரில் திரும்புகிற பஸ் காலனிக்கு வந்து திரும்பட்டும், அப்போது நாங்கள் முதலில் ஏறுவோம், உட்காருவோம், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. இதைத்தான் கேட்டோம். டிப்போவில் ஒரு அதிகாரி, பஸ்ஸைத் திருப்ப இடம் இல்லம்மா என்றார். நாங்கள் குட்டைக்கரையில் மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் முள்ளை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, பஸ் என்ன, தேரே திரும்புகிற அளவுக்கு இடம் செய்து காட்டினோம். உன் அப்பா கையில் இருக்கும் தழும்பு அந்த முள் கிழித்ததுதான், சண்டையில் வாங்கியது என்று உன்னிடம் அளந்ததை நம்பாதே. அப்புறம்தான் நிஜமான காரணம் வெளியே வந்தது. ஊரில் பேசினார்கள்: "பஸ்ஸு காலனிக்குப் போயிட்டு வந்தா ரொம்பி இல்ல வரும்? அவங்க உக்காந்துக்கினு வர, நம்ம வூட்டுப் பொம்பளைங்க நின்னுக்கினு போறதா?" கேட்டதும் எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. இடம் இல்லை, டீசல் ஆகும், ரோடு சரியில்லை என்ற பேச்செல்லாம் போய் உண்மை ஒருவழியாகத் தெருவுக்கு வந்துவிட்டது.

நாங்கள் நடக்கத் தொடங்கியது ஆவணி. நீ அப்போதுதான் என் வயிற்றில் தங்கியிருந்தாய், எனக்கே சரியாகத் தெரியாது. ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் சேறு. உன் அப்பா சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சுவார். நான் பாதி தூரம் கேரியரில் உட்காருவேன், பிறகு கூட்டத்தைக் கண்டதும் இறங்கிக்கொள்வேன். அவர்கள் "மகாராணி இறங்கியாச்சி" என்று கேலி செய்வார்கள். கஷ்டம்தான், ஆனால் அந்த மாதங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புச் சத்தம்தான் காதில் விழுகிறது. அமெரிக்காவில் அந்த பஸ் போராட்டத்தில் நடந்தவர்களும் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார்கள், முடியாதவர்களை ஏற்றிப்போன வண்டிகளின் செலவைச் சமையல்காரம்மாக்கள் தின்பண்டம் செய்து விற்றுப் பார்த்துக்கொண்டார்கள் என்று நீ சொன்னபோது, எனக்கு அது கேட்ட கதை மாதிரியே இல்லை.

இப்போது நெசவு வீட்டுப் பாவு விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் வேலை செய்தது நெசவுக்காரர் ஏகாம்பரம் அண்ணன் வீட்டில். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை எல்லாம் முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதுதான் பாவு நீட்டுவது. விடிகாலையில் ஆள் வேண்டும், நிறைய கை வேண்டும். நாங்கள் நடந்து போய்ச் சேரும்போது சூரியன் உச்சிக்குப் பாதி தூரம் வந்திருக்கும். இழை காய்ந்து முறுக்கிக்கொண்டு படபடவென்று அறும். கல்யாண சீசன் நெருங்குகிறது, தறி காலியாக நிற்கிறது. அண்ணன் முதலில் எங்களைத் திட்டினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் வேறு ஆள் தேடினார். இந்த வேலை பழகிய கை எங்கே கிடைக்கும்? கடைசியில் தெருவில் நாலைந்து நெசவுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு டிப்போவுக்குப் போனார். உங்களுக்கு எதற்கய்யா இந்தக் காலனி வழக்கு என்று கேட்டார்களாம். "எங்களுக்கு எந்த வழக்கும் இல்ல சார். பாவு காயுது சார்" என்றாராம்.

இதைச் சொல்லும்போது நீ முகம் சுளிப்பாய், எனக்குத் தெரியும். நியாயத்துக்காக வராமல் பாவுக்காக வந்தாரா என்பாய். அங்கே வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் சிலர், வேலைக்காரி வராமல் திண்டாடி, தங்கள் காரை எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கூட்டி வந்தார்கள் என்று சொன்னாயே, அதையும் இப்படித்தான் சுளித்துக்கொண்டு சொன்னாய். சுளிக்காதே. நமக்கு வேண்டியது பஸ். ஏகாம்பரம் அண்ணனுக்கு வேண்டியது பாவு. இரண்டும் ஒரே ரோட்டில் வந்தன, அவ்வளவுதான். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் நின்று பேசுகிற மனிதர், உன் கல்யாணத்துக்கு முகூர்த்தப்புடவை அவர் தறியில்தான் ஓடுகிறது. ஒருவர் நம் பக்கம் வந்து நிற்கும்போது மனசைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டால், நின்றவரும் போய்விடுவார்.

நெசவுத்தெருவும் சேர்ந்து கேட்ட பிறகு டிப்போவில் இறங்கி வந்தார்கள், தை மாதத்தில் பஸ் வந்தது. குட்டைக்கரையில் பூஷணம் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். டிரைவர் இறங்கி நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டார். நாங்கள் ஏறினோம், உட்கார்ந்தோம். சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தோம். ஜன்னல் வழியே காலனி வேறு ஏதோ ஊர் மாதிரித் தெரிந்தது. பூஷணம் முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "யாருனா கேட்டா ஆமா வலிக்குதுன்னு சொல்லுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பஸ் ஏரிக்கரை தாண்டியது, அம்மன் கோயிலடியில் நின்றது. ஊர்ப் பெண்கள் கூடையும் பையுமாக வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் ஆள் படியில் கால் வைத்தாள்.

நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம், தம்பி.

யாரும் சொல்லவில்லை. யாரும் யாரையும் பார்த்து எழவில்லை. மாதக்கணக்கில் சேற்றில் நடந்து வாங்கிய சீட்டை விட்டு, பூஷணம் உட்பட அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டோம். கால்கள் தானாக எழுந்தன. மனசுக்குத் தெரிவதற்குள் உடம்பு எழுந்துவிட்டது. அதோடு போயிருந்தால்கூட அது வெறும் துக்கக் கதை. ஊர்ப் பெண்கள் ஏறினார்கள், காலி சீட்டைப் பார்த்தார்கள், நாங்கள் உட்கார்ந்து எழுந்த சீட்டு ஆயிற்றே, அவர்களும் உட்காரவில்லை. அவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் கிளம்பியது. சீட்டெல்லாம் காலி, நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு அத்தனை பெண்களும் நிற்கிறோம். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நகர முடியாமல், "இன்னாமா இது, சீட்டு எதுனா முள்ளு குத்துதா? யாருனா உக்காருங்கமா, எனக்கு வழி வேணும்" என்று கத்தினார். வழியில் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, பஸ்ஸில் ஏதோ சாவு என்று நினைத்துக்கொண்டார்கள். பூஷணம் என் காதருகே, "இதுக்காடி நடந்தோம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம், அழுகையாக வந்தது.

அப்போது நீதான் உதைத்தாய். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, வயிற்றுக்குள் நீ உதைத்த உதையில் எனக்குக் கண் இருட்டியது. பக்கத்து சீட்டின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை, விழாமல் இருக்க உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் என் எதிரே சரோஜா, ஊரில் பெரிய வீட்டு மருமகள், இடுப்பில் நெல்லிக்காய்க் கூடையோடு. என்னையே முறைத்துப் பார்க்கிறாள். என் கால் மறுபடியும் எழப் பார்த்தது. எழ முடியவில்லை, நீ விடவில்லை. எழ முடியாததால் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். ஓரத்தில் இடம் காலியானது. சரோஜா அந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஸ் மெயின் ரோடு ஏறியது. பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எத்தினி மாசம்?" என்றாள். ஏழு என்றேன். கூடையிலிருந்து ஒரு கை நெல்லிக்காயை அள்ளி என் மடியில் போட்டாள். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். எங்களைப் பார்த்துப் பின்னால் பூஷணம் உட்கார்ந்தாள், அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, ஆனால் அவள் அப்புறம் எழவே இல்லை.

இதை சரோஜா அக்காவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நேற்று மார்க்கெட்டிலிருந்து வந்தவள் நம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டாள். ஒரே ஒரு இடத்தில் ஆட்சேபம். "நான் எங்கடி முறைச்சேன்? கூடை கனத்துச்சி, காலு கடுத்துச்சி. இவ நவுர மாட்டாளான்னு பாத்துக்கினு இருந்தேன்." அதைக் கேட்டு எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. இத்தனை வருஷமாக அதை நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் வீட்டில் அவளுக்குப் பெரிய ரகளை நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். மறுநாளும் அவள் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஊரில் சிலர் எங்களோடு உட்காராமல் இருக்கவே மொபெட் வாங்கினார்கள். இன்றைக்கும் நம் சுடுகாட்டுக்கு நல்ல வழி இல்லை, கோயில் அன்னதானத்தில் இன்றைக்கும் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே நடக்கிறது. அதற்கெல்லாம் காலனியில் இப்போது உன்னைவிடச் சின்னப் பெண்கள் மனுவும் கையுமாக நடந்துகொண்டிருக்கிறார்கள், எங்களைவிட வாய் நீளம், நன்றாக இருக்கட்டும். எனக்குக் குறை இல்லை. பஸ் தினமும் குட்டைக்கரைக்கு வருகிறது, ஹாரன் அடிக்கிறது, அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுதே விடிகிறது. ஒரே ஒரு கவலைதான் இருந்தது. என் வயிற்றுக்குள்ளிருந்து உதைத்து என்னை உட்கார வைத்த பிள்ளை, கடல் தாண்டிப் போய், காலி பஸ்ஸில் எழுந்து நிற்கிறது. ஜன்னல் சீட்டிலேயே வளர்ந்த உனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நான் சொல்லித் தரவில்லை. ஆனால் என் கால் எழுந்ததை நீ உள்ளிருந்தே பார்த்திருக்கிறாய் போல.

வயசானவர்களுக்கு எழுந்து இடம் கொடு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடு, அது மரியாதை, அதை நான்தான் சொல்லித் தந்தேன். பயத்தில் எழுவது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் உன் காலுக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரிய வேண்டும். அந்த மியூசியத்துக்கு இன்னொரு தடவை மார்கஸைக் கூட்டிக்கொண்டு போ. முன்சீட்டில் உட்கார். பூஷணம் கதையை அவனுக்குச் சொல். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றதையும் சேர்த்துச் சொல், அவன் சிரிப்பான், பிறகு அவன் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்வான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தி விஷயத்தை நான் முடிவு செய்துவிட்டேன், உன் அப்பாவும் ஒத்துக்கொண்டார். ஊருக்கு ஒரு பந்தி, நமக்கு ஒரு பந்தி என்பதெல்லாம் கிடையாது. மண்டபத்தில் கதவு திறந்ததும் முதல் பந்தியில், முதல் இலையில், நீயும் மருமகளும் உட்காருகிறீர்கள். பக்கத்தில் பூஷணம், அவளுக்குக் காலை நீட்ட இடம் வேண்டும். அதற்குப் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் சரோஜா அக்கா. அவள் ஏற்கெனவே இடம் போட்டு வைக்கச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஊரிலிருந்து யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும், வாசலில் நின்று யோசித்தாலும், உன் கால் எழப் பார்க்கும். எழட்டும், நீ எழாதே. இலையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, நகர்ந்து உட்கார்.